முப்பதாவது கட்டம்

இது எனக்கு நேரில் தெரிந்த விஷயம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை பார்க்கும் தமயந்தி அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு நாளாகச் சொன்னது. அவருடைய தம்பி இளம்பரிதிக்கு நடந்தது. தம்பி மனதில் ஓடியதாக அக்கா சொன்னதில் பாதி தம்பியே வாய்விட்டுச் சொன்னது, மீதி அக்காவின் ஊகம். எது எது என்று பிரித்துக் கேட்டேன். "அவன் நெனப்பு எனக்குத் தெரியாதாடி?" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். ஒரு விண்ணப்பத்தைக்கூட மூன்று தடவை சரிபார்க்காமல் கொடுத்தது இல்லை. இந்தக் கதையில் என்னால் சரிபார்க்க முடிந்தது கொஞ்சம்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மணி இரண்டேகால். திருச்சி பாலக்கரையில் ஒரு தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு மேலே மாடி அறை. மே மாத வெயில் ஜன்னல் கம்பி வரை வந்து நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறது. பரிதி ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் திரையில் ஒரே ஒரு சின்னக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பதாவது கட்டம். அதில் விழுகிற அந்த ஒரு அடி அங்கே இருக்கக் கூடாது. இல்லை, இங்கே இருக்கலாம், அங்கேதான் இருக்கக் கூடாது. இங்கே என்றால் அவன் எழுதிய ஃபைல். அங்கே என்றால் பன்னிரண்டு நிமிஷத்துக்கு முன்னால் வேண்டாத வேலையாக அவன் தேடிப் போய் இறக்கிக்கொண்ட, கனடாவில் யாரோ ஒருவன் எழுதிய ஃபைல். தேடியிருக்கவே கூடாது. எல்லாம் முடிந்துவிட்டது, பதினாறு தாளமும் தயார், நாலு மணிக்குக் கூடப் படித்த கூட்டாளி உமைபாலன் வருவான், பரிதியும் கையெழுத்தைப் போட்டுக் கடைசிக் கெடுவான ஐந்து மணிக்குள் அனுப்பிவிட வேண்டியதுதான். சும்மா இருந்திருக்கலாம், ஒரு டீ குடித்திருக்கலாம். நம்மை மாதிரி வேறு யாராவது இதே தாள மெஷினை எழுதியிருக்கிறானா என்று ஒரு சின்ன அரிப்பு. சொறிந்தான். இப்போது ரத்தம் வருகிறது. மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக் என்கிறது. போன வாரம் இந்தச் சத்தம் இருந்ததா? இருந்திருக்கும். கவனிக்கிறவனுக்குத்தான் சத்தம். கீழே கடைக்காரர் ஒரு மெஷினைச் சரிசெய்து ஓட்டிப் பார்க்கிறார், டர்ர்ர் என்று ஒரே சீராகப் போய் நடுவில் ஒரு தையல் தப்புகிறது, மறுபடி டர்ர்ர். அவர் பாடு நிம்மதி. தையல் தப்பினால் ஊசி வளைந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான், யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

அந்தத் தாள மெஷின், அதாவது ரிதம் பாக்ஸ், மரப்பெட்டி மாதிரி இருக்குமாம், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் சரக்கு, முன்பக்கம் பதினாறு பட்டன், வால்ட்ஸ் என்று ஒன்று, மார்ச் என்று ஒன்று, ரும்பா, சா-சா, பெகீன், போசா நோவா. பட்டனை அழுத்தினால் அந்தத் தாளம் நிறுத்துகிறவரை ஓடும். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடைக்காதவர்கள் வாங்கி வைத்துக்கொண்டது. இருக்குமாம், இருக்குமாம் என்றுதான் பரிதியால் சொல்ல முடியும், அவன் பார்த்ததில்லை. பார்த்தவன் உமை. பொன்மலைப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில், பள்ளி விழா ஒத்திகைக்காக எப்போதோ வாங்கிய பெட்டி, லீமா என்று ஒரு சிஸ்டர் அதைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார் என்று கண்டுபிடித்தவன் உமை. கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவன், நாலு இடம் போகிறவன், அவனுக்குக் கண்ணில் படும். அவன் போய் ஒவ்வொரு தாளத்தையும் பதிவு செய்து கொண்டுவருவான், பரிதி அதைக் கேட்டுக் கேட்டு மிடியாக எழுதுவான். மிடி என்றால் சத்தம் கிடையாது. கட்டம் போட்ட தாள் மாதிரி. எந்தக் கருவி, எந்தக் கட்டத்தில், எவ்வளவு அழுத்தத்தில் என்ற குறிப்பு மட்டும். வாங்குகிறவன் அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டால் பழைய மெஷின் அங்கே உயிரோடு வந்து தட்டும். தட்ட வேண்டும். வெளிநாட்டு இசைக் கடை ஒன்று சரி, அனுப்புங்கள் என்றது. கூடவே ஒரு படிவம். அதில் இரண்டு வரி. "மெஷினை நேரில் கேட்டுப் பதிவு செய்தவர்", "கோப்பை எழுதியவர்". இதில் வேறு யாருடைய கோப்பிலிருந்தும் எதுவும் எடுக்கவில்லை என்று இருவரும் உறுதி கூறுகிறோம். தப்பு என்று தெரிந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள், பிறகு எந்தக் காலத்திலும் அந்தக் கடைப்பக்கம் போக முடியாது. கரோக்கிக்காரர்களுக்கு எட்டு வருஷமாகப் பாட்டுப் பாட்டாக மிடி எழுதுகிறான், ஒன்றிலும் பெயர் கிடையாது. இளம்பரிதி என்ற பெயர் ஒரு இடத்தில் அச்சில் வரப்போகிற முதல் தடவை இது. முதல் வரியில் உமை நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டான். மேஜைமேல் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் ஃபேன் காற்றில் ஒரு மூலை மட்டும் தூக்கித் தூக்கி அடங்குகிறது. இரண்டாவது வரி காலி.

பெகீன் நிதானமான தாளம், கப்பலில் போகிறவர்கள் ஆடுகிற மாதிரி. முப்பத்திரண்டு கட்டத்துக்கு ஒரு சுற்று. அடி எல்லாம் ஒற்றைப்படைக் கட்டத்திலேயே விழும், ஒன்று, மூன்று, ஏழு, பதினொன்று இப்படி. இரட்டைப்படையில் எதுவும் கிடையாது, ஒன்றைத் தவிர. முப்பதாவது கட்டத்தில் ஒரு டிக். இரண்டு குச்சியைத் தட்டுகிற சத்தம், அதுவும் பக்கத்து வீட்டில் தட்டுகிற மாதிரி. அந்தக் காலத்து மெஷினில் பலமான அடி, மெல்லிய அடி என்று ஏது? இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. எந்த டிரம்மரும் அந்த இடத்தில் தட்ட மாட்டான், தட்டினால் கால் இடறும். இரண்டு வாரத்துக்கு முன்னால் நாற்பதாவது தடவை கேட்கும்போதுதான் பரிதியின் காதில் அது பட்டது. நூற்று இருபத்தேழு வரை அழுத்தம் வைக்கலாம், அவன் இருபத்திரண்டு வைத்தான். உமைக்குப் போன் போட்டு, "மாப்ள, ஒரு டிக் இருக்குடா, ஒளிஞ்சிக்கிட்டிருக்குடா" என்று கத்தினான். அவ்வளவு சந்தோஷம். உமை அந்தப் பக்கம் என்ன சொன்னான்? உடனே சொன்னானா, கொஞ்சம் பொறுத்துச் சொன்னானா? "அப்படியா?" என்றான். அப்படியா என்பது ஆச்சரியமா? மாட்டிக்கொண்டவன் சொல்கிற அப்படியாவும் இதே அப்படியாதானே. கனடாக்காரன் மாதிரிக்கு ஒரே ஒரு தாளம் இலவசமாகப் போட்டிருக்கிறான், பெகீன். திறந்து பார்த்தால் முப்பதாவது கட்டத்தில் ஒரு டிக். அழுத்தம் இருபது. கீழே அவன் ஒரு குறிப்பு வேறு எழுதி வைத்திருக்கிறான், எங்கள் கோப்புகளில் எங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளங்கள் உண்டு, எடுத்து ஆள்கிறவர்கள் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுப்பார்கள் என்று. எலிப்பொறியில் வைத்த தேங்காய்ச் சில்லு. மெல்லிசாக, யார் காதிலும் விழாதபடி, யாரும் தட்டாத ஒரு இடத்தில். அதைப் போய் நாற்பது தடவை கேட்டுப் பிடித்து, கட்டத்தில் எழுதி, கத்தி வேறு கத்தியாயிற்று. உமை கொண்டுவந்தது மெஷினின் சத்தமே இல்லை. கனடாக்காரனின் ஃபைலை எங்கேயோ பிடித்து, பழைய டிரம்ஸ் சத்தங்களைக் கோத்து ஓடவிட்டு, அதைப் பதிவு செய்து, மடத்தில் எடுத்தேன் என்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். கொடுத்திருந்தால். இருந்தால் என்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் மனசு கொஞ்சம் மூச்சு விட்டது, அடுத்த சுற்றில் ஃபேன் டக் என்றதும் மறுபடி அடைத்துக்கொண்டது.

போன் அடித்தது. உமைதான்.

"மாப்ள, எழுந்திட்டியா, தூங்குறியா?"

"பகல்ல எவன்டா தூங்குவான்?"

"நீ தூங்க மாட்டே, கட்டம் எண்ணிக்கிட்டிருப்பே. கேளு, வர்றப்ப ஒரு கேக் வாங்கிட்டு வர்றேன். நமக்குப் பாதி, சிஸ்டருக்குப் பாதி."

"சிஸ்டருக்கு எதுக்குடா கேக்கு?"

"டேய், மூணு சனிக்கிழமை அந்தம்மா ஜெபத்தை விட்டுட்டு எனக்குப் பட்டன் அமுக்கிக் குடுத்திருக்கு. கேக்கு குடுத்தா தப்பா?"

"தப்புன்னு சொல்லல."

"குரலு ஒரு மாதிரி இருக்கே. அக்கா ஏதாச்சும் சொல்லிச்சா?"

"வெயிலு" என்றான் பரிதி. "நாலு மணிக்கு வா."

வைத்த பிறகும் போன் கையிலேயே சூடாக இருந்தது. கேட்கிறதுக்கு முன்னாலேயே மூணு சனிக்கிழமை என்று கணக்குச் சொல்கிறான். பட்டன் அமுக்கியது சிஸ்டர் என்கிறான். போன மாதம் ஒரு தடவை, நானே அமுக்கினேன், பட்டன் கெட்டியாக இருந்தது என்று சொன்னானே. சொன்னானா? வேறு ஏதோ கீபோர்டைப் பற்றியா? போட்டோ ஒன்று எடுத்து அனுப்புடா என்று எத்தனை தடவை கேட்டிருப்பான். "மடத்துக்குள்ள போனை வாங்கி வச்சிக்கிறாங்கடா, ஆம்பளைங்களை விசிட்டர் ரூமைத் தாண்டி விடுறதே இல்ல, பெட்டியைத் தள்ளுவண்டியில வச்சு அங்க கொண்டாராங்க" என்பான். நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ரொம்பவும் நம்பும்படியாக இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. பொய் சொல்கிறவன்தான் தள்ளுவண்டி வரைக்கும் யோசித்து வைப்பான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உமையின் பதிவை மறுபடி போட்டான். அடி, அடி, அடி. பின்னால் எதுவும் இல்லை. பொன்மலையில் ஒரு காக்காகூடக் கத்தாதா? ரயில் பட்டறைச் சங்கு? சிஸ்டர் செருப்புச் சத்தம்? ஒயரை மெஷினிலிருந்து நேராக மாட்டி எடுத்தால் வெளிச் சத்தம் வராது, எலக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் காக்காவைத் தேடினான். காக்கா இல்லை. ஆனால் அடிக்கு நடுவே மெலிதாக ஒரு முனகல் இருந்தது, கரண்ட்டின் முனகல். அப்போதுதான் பளிச்சென்று பட்டது, கனடாவில் கரண்ட் விநாடிக்கு அறுபது தடவை துடிக்கும், நம்ம ஊரில் ஐம்பது. அளந்து பார்த்தான். ஐம்பது. ஐம்பதேதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கூட விட்டான், பாவி, நல்லவனைப் போய், கேக்கு வாங்கிக்கொண்டு வருகிறவனைப் போய். எழுந்து மண்பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான். பாதி டம்ளரில் நின்றுவிட்டது. கனடாக்காரனின் சத்தத்தை உமை ஏன் எடுக்க வேண்டும்? கட்டத்தை மட்டும் எடுத்தால் போதுமே. கட்டத்துக்குக் கரண்ட் கிடையாது. உமை வீட்டில் இருக்கிற ஆடியோ மிக்சரில் ஓடவிட்டுப் பதிவு செய்தாலும் ஐம்பதுதான் முனகும். கீழே மெஷின் டர்ர்ர் என்றது, அதே இடத்தில் தப்பியது. ஊசி வளைவு இல்லை போலிருக்கிறது, வேறு எங்கோ.

கேட்டுவிடலாம். டேய், நீ நெசமாவே அந்த மெஷின்லேந்துதான் எடுத்தியா? ஒரே ஒரு வாக்கியம். அது வாயில் வந்து நிற்கும்போதே அது புதுசு இல்லை என்று தெரிந்துவிடுகிறது, இதே அச்சில் இன்னொரு வாக்கியம் பதினோரு வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. நீ நெசமாவே பார்த்துதான் எழுதினியா? பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம், மாதிரித் தேர்வு, நாலாவது கேள்வி. விடை நாலு புள்ளி ஏழு வர வேண்டும். பரிதி ஏழு புள்ளி நாலு என்று எழுதியிருந்தான். ஏனென்றால் அவன் படித்த கைடில் அப்படித்தான் அச்சாகியிருந்தது, எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார்கள், அவன் அதையும் மனப்பாடம் செய்தான். அடுத்த பெஞ்சில் உமையும் ஏழு புள்ளி நாலு. வகுப்பில் வேறு ஒருத்தருக்கும் அந்தத் தப்பு இல்லை. துறைத்தலைவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார், "சரியான விடை நாப்பது பேருக்கு ஒண்ணா வரும். ஒரே தப்பு ரெண்டு பேருக்கு வந்தா, ஒருத்தன் பார்த்து எழுதினான்னுதான் அர்த்தம். யாரு?" பரிதி கைடு என்று சொல்ல வேண்டும், கைடு பையில் இருக்கிறது, எடுத்துக் காட்டினால் முடிந்தது. ஆனால் அந்த அறையில் கைடு என்ற சொல்லே கெட்ட வார்த்தை, அதைப் படித்தேன் என்பதே ஒரு குற்றம் மாதிரி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்பார், அப்பா அரிசி மண்டியில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அதே லுங்கியோடு வருவார். அந்த ஒரு நிமிஷத்தில் உமை, "நான்தான் சார் பார்த்து எழுதினேன்" என்றான். அவனை அந்த வருஷம் அந்தப் பாடத்தின் இறுதித் தேர்வையே எழுத விடவில்லை, ஒரு வருஷம் அரியரோடு அலைந்தான். பரிதி தேறினான். பிறகு டீக்கடையில் உட்கார்ந்தார்கள், உமை ஒன்றும் சொல்லவில்லை, பரிதி ஒன்றும் கேட்கவில்லை, டீ வந்தது, குடித்தார்கள். உமைக்குக் கைடு கிடையாது. அப்படியானால் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான், சொன்னது உண்மை. இல்லாவிட்டால் பரிதியே ஒரு ராத்திரிக்கு அந்தக் கைடை அவனுக்குக் கொடுத்திருக்க வேண்டும், அப்படியானால் சொன்னது பொய், தனக்காகச் சொன்ன பொய். கொடுத்தேனா? கொடுத்த மாதிரி ஒரு ஞாபகம், பஸ் ஸ்டாண்டில், மழை, கைடைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உமை ஓடுகிறான். ஆனால் அது வேறு நோட்டாகவும் இருக்கலாம். இந்த இடத்துக்கு வந்தால் எப்போதும் மனசு இப்படித்தான் பல்சக்கரம் தேய்ந்த மாதிரி அதிலேயே சுற்றுகிறது. பார்த்து எழுதினவன் என்றால் அன்றைக்கும் எழுதினான், இன்றைக்கும் எழுதுவான். பொய் சொன்னவன் என்றால் அவ்வளவு சுத்தமாக, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அன்றைக்குச் சொன்னவன் இன்றைக்குத் தள்ளுவண்டி என்று சொல்ல மாட்டானா? எந்தப் பக்கம் புரட்டினாலும் உமை கள்ளன்தான். தன்னைக் காப்பாற்றியவனைப் பற்றி இப்படி ஒரு கணக்கு வருகிறதே, கணக்கில்தான் எங்கேயோ எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிய வேகத்தில் போனது. போன் மறுபடி அதிர்ந்தது, அக்கா. அனுப்பியாச்சா என்று கேட்பாள். எடுக்கவில்லை.

மூன்றரை. எழுந்து நின்றான், உட்கார்ந்தான். பேப்பர் வெயிட்டை நகர்த்திப் படிவத்தை ஒரு தடவை படித்தான், முன்பே தெரிந்த வரிகள், இப்போது ஒவ்வொன்றும் கோர்ட்டில் வாசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு அவன் செய்த காரியத்தை யோசித்துச் செய்தானா என்று கேட்டால், கை செய்தது என்பான். முப்பதாவது கட்டத்தில் மவுஸ் அம்பைக் கொண்டுபோய் வைத்தான். அழித்தான். ஒரு சுற்று ஓடவிட்டான். டிக் இல்லை. தாளம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. இதுதான் வழி. கனடாக்காரன் பொறி வைத்திருந்தால் இப்போது தேங்காய்ச் சில்லு இல்லை, மாட்ட மாட்டோம். பொறியே இல்லை, உமை நல்லவன் என்றால் அப்போதும் ஒன்றும் குறையவில்லை. இருபத்திரண்டு அழுத்தத்தில் ஒரு டிக் இல்லாமல் போனால் யாருக்குத் தெரியப்போகிறது? உமையிடம் கேட்க வேண்டியதில்லை, உமை சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு நேரம் ஓடிய ஓட்டத்துக்கு விடை இவ்வளவு சின்னது. ஆனால் அடையாளத்தை அழிக்கிறது யார் செய்கிற வேலை? திருடிய மாட்டுக்குக் கொம்பு சீவுகிற வேலை அல்லவா இது. மெஷினில் அந்த டிக் நிஜமாகவே இருந்தால், தான் இப்போது அனுப்பப்போகிற பெகீன்தான் பொய். மறுபடி அங்கேயே வைத்துவிடலாமா என்று அம்பை எடுத்துக்கொண்டு போனபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படியை விட்டு ஒரு படி தாவுகிற சத்தம், உமை அப்படித்தான் ஏறுவான். அம்பு அங்கேயே நின்றது.

உமைபாலன் கேக் டப்பாவோடு வந்தான். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. "நடுவுல வெட்டக் கூடாது மாப்ள, பூ ரெண்டா போயிடும், ஓரமா வெட்டு" என்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "போடு, கடைசியா ஒரு தடவை கேட்டுட்டு அனுப்பிடுவோம்." கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். வால்ட்ஸ் போனது, மார்ச் போனது. டப்பா மூடியில் அவன் விரல் கூடவே தட்டிக்கொண்டு வந்தது. பெகீன் வந்தது. பரிதி அந்த விரலையே பார்த்தான். இருபத்தொன்பதில் தட்டிய விரல் முப்பதில் தானாக ஒரு சின்னத் துள்ளல் துள்ளி, வெறும் மூடியில் விழுந்தது. உமை கண்ணைத் திறந்தான்.

"டிக்கைக் காணோம்."

"எந்த டிக்?"

"எந்த டிக்கா? நீதானடா பிடிச்சே. போன் போட்டு என் காது கிழியக் கத்துனியே."

"அது... கேக்கவே இல்ல. எதுக்குன்னு எடுத்துட்டேன்."

"கேக்காததை எதுக்குடா எடுக்கணும்?"

பரிதி கனடாக்காரனின் ஃபைலைத் திறந்து, திரையைத் திருப்பிக் காட்டினான். உமை டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து பார்த்தான். விரலால் கட்டத்தை எண்ணினான். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அட! இவன்கிட்டயும் இருக்கா! மாப்ள, அப்ப நம்ம பெட்டி ரிப்பேர் இல்லடா! நான் பயந்துகிட்டே இருந்தேன், பட்டன் ஏதோ ஒட்டிக்கிட்டு தப்பா வருதோ, நாம தப்பையே எழுதி வச்சிருக்கமோன்னு. மெஷினே அப்படித்தான் போலருக்கு! நல்லதாப் போச்சு. திருப்பி வையி, முப்பதுல..."

திரும்பிப் பரிதியைப் பார்த்தான். சிரிப்பு வாயில் இருந்தது, கண்ணிலிருந்து முதலில் போனது. பரிதி கனடாக்காரனின் குறிப்பு இருந்த பக்கத்தை மூடப் போனான், அதற்குள் உமை அதைப் படித்துவிட்டான். மெதுவாகப் படித்தான், இரண்டு தடவை. கீழே மெஷின் ஓடி நின்றது.

"ஓ" என்றான்.

"டேய், நான் ஒண்ணும்..."

"ஒரே தப்பு ரெண்டு பேருக்கு வந்தா, ஒருத்தன் பார்த்து எழுதினான்னுதான் அர்த்தம். இல்ல?" துறைத்தலைவரின் குரல் அப்படியே வந்தது அவனுக்கு, அதே நிதானம். கச்சேரியில் இப்படி யார் குரலையும் செய்து சிரிக்க வைப்பான். "எவ்வளவு நேரமா இப்படி உக்காந்திருக்கே?"

"ரெண்டேகால்லேந்து."

"நான் போன் போட்டப்பவும்?"

"ம்."

"கேட்டிருக்கலாமேடா. என்னை வையக்கூட வையலாம், வாங்கிக்குவேன்." பேப்பர் வெயிட்டை எடுத்தான். படிவத்தில் முதல் வரியில் இருந்த தன் கையெழுத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். பேனாவால் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தான், பேப்பர் கிழியாமல், நேராக. "சந்தேகம் இருக்கிற தாள்ல ரெண்டு பேரு இருக்கக் கூடாது மாப்ள. ஒருத்தன் வெளியே வந்தா இன்னொருத்தனாச்சும் தேறலாம்."

அப்போதுதான் அது வாயிலிருந்து வந்தது, பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்தது. "அன்னிக்கு நீ நெசமாவே பார்த்துதான் எழுதினியா?"

உமை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். கோபம் இல்லை. ஏதோ தொலைந்த பொருள் அடுத்தவன் பையில் இருந்ததைப் பார்த்த மாதிரி ஒரு ஆச்சரியம். "இதையாடா இத்தனை வருஷமா கேக்காம வச்சிருந்தே?" என்றான். இறங்கினான். இந்தத் தடவை ஒவ்வொரு படியாக இறங்கினான். பரிதி எண்ணினான், பதினேழு.

பரிதி முப்பதாவது கட்டத்தில் டிக்கைத் திருப்பி வைத்தான், இருபத்திரண்டு. இரண்டாவது வரியில் தன் கையெழுத்தைப் போட்டான். முதல் வரிக்கு வந்தான். மெஷினை நேரில் கேட்டுப் பதிவு செய்தவர். அந்த இடத்தில் உண்மையாகக் கையெழுத்துப் போடக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவன்தான் இருந்தான், அவன் அப்போது காந்தி மார்க்கெட் பக்கம் வெயிலில் நடந்துகொண்டிருந்தான். ஏழு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. மணி ஐந்தானது. ஐந்து ஐந்தானது. அக்கா அலுவலகம் முடிந்து வந்தபோது அவன் அதே நாற்காலியில் இருந்தான், தரையில் டப்பாவுக்குள் கேக்கின் பூ உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, எறும்பு வரிசை கட்டியிருந்தது. "என்னடா, அனுப்பிட்டியா?" என்று அக்கா கேட்டதற்கு, "அக்கா, நான் அவனுக்குக் கைடு குடுத்தேனா, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றானாம்.

இவ்வளவுதான் அக்கா சொன்னது. இனி நான் சரிபார்த்தது. அந்தக் கைடை மலைக்கோட்டைப் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் இரண்டு வாரம் தேடினேன், கிடைக்கவில்லை. ஆகவே அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஒரு சனிக்கிழமை பொன்மலைக்குப் போனேன். மடத்து வாசலில் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதச் சொன்னார்கள். எழுதுகிற சாக்கில் பழைய பக்கங்களைப் புரட்டினேன். மார்ச் மாதத்தில் மூன்று சனிக்கிழமை, "உமைபாலன், வந்தது பத்து மணி, போனது நாலு மணி, வந்த காரணம்: தாளம் கேட்க" என்று இருந்தது. என் போனை வாங்கி மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார்கள். நான் பெண் என்பதால் விசிட்டர் அறையைத் தாண்டி உள்ளேயே அழைத்துப் போனார்கள். சிஸ்டர் லீமா துணியை எடுத்தார், மரப்பெட்டி, பதினாறு பட்டன், அடியில் தள்ளுவண்டி. பெகீன் பட்டனை நானே அமுக்கினேன், கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது. எனக்குத் தாள ஞானம் கிடையாது, விரல் கணுக்களில் முப்பத்திரண்டு வரை எண்ணினேன். முதல் ஆறு சுற்று எதுவும் கேட்கவில்லை. சிஸ்டர், "அந்தத் தம்பியும் இப்படித்தாம்மா காதை வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. இது ரிப்பேரா சிஸ்டர்னு மூணு வாரமும் கேட்டுச்சு. இல்லப்பா, வாங்கின நாள்லேந்தே அப்படித்தான்னேன்" என்று சொல்லிவிட்டு ஃபேனை நிறுத்தினார். ஏழாவது சுற்றிலிருந்து கேட்டது. பத்துச் சுற்று எண்ணினேன், பத்திலும் இருந்தது. முப்பதில், மெல்லிசாக, ஒரு டிக்.